குளிர் தாங்குற கோழி நமக்கு எதுக்கு?

போன வாரம் பக்கத்துத் தெருத் தம்பி ஒருத்தர் செல்போனை நீட்டிக்கிட்டே வந்தார். "அண்ணா, இதப் பாருங்க. கனடா கோழியாம். ஐஸ் கொட்டுற குளிர்லயும் முட்டை போடுமாம். அவ்ளோ கெட்டியான கோழின்னா நம்ம மாத்தூர்ல சும்மா வளராதா?"

படத்தில் வெள்ளை வெளேர்னு, நல்ல கனமான கோழி. பேர் ஷாந்தெக்ளேர். தலையில் கொண்டை இருக்கா இல்லையான்னே தெரியல.

"தம்பி, அது கெட்டியான கோழிதான். ஆனா அந்த ஊருக்குத்தான் கெட்டி" என்றேன். அவருக்கு முகம் சுருங்கிப் போச்சு. அதனால்தான் இதை விவரமாக எழுதுகிறேன்.

கோழிக்கு வியர்க்காது. வாயைப் பிளந்து மூச்சு வாங்கியும், கொண்டை, தாடி வழியாகவும்தான் அது உடம்புச் சூட்டை வெளியே தள்ளும். வெயில் ஊரில் பெரிய கொண்டை ஒரு வரம். பனி ஊரில் அதுவே சாபம்; கொண்டை உறைந்து, கறுத்து, அழுகி விழும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஓகா என்ற ஊரின் மடத்தில் இருந்த துறவி வில்ஃப்ரிட் ஷாட்லேனுக்கு இது தெரியும். நம்ம குளிருக்கு நமக்கென்று ஒரு கோழி இல்லையே என்று 1907 வாக்கில் வேலையை ஆரம்பித்தார். ஐந்து இனங்களைக் கலந்து, கொண்டையும் தாடியும் சிறுத்த குஞ்சுகளை மட்டும் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்தார். 1918-இல்தான் வெளியே காட்டினார். பத்து வருஷத்துக்கு மேல!

இதில் நான் ஆச்சரியப்பட்டது வேற ஒரு விஷயம். அந்த ஐந்தில் ஒன்று கார்னிஷ். இங்கிலாந்துக்காரர்கள் அதை முதலில் 'இந்தியன் கேம்' என்றுதான் கூப்பிட்டார்கள். காரணம், அதன் உடம்பில் ஓடுவது நம்ம அசில் சண்டைக்கோழி ரத்தம். தலையோடு ஒட்டின சின்னக் கொண்டை அசிலுக்கு உண்டு, கார்னிஷுக்கும் உண்டு. ஆக, கனடா பனியைத் தாங்குற கோழிக்குள்ளே நம்ம ஊர் வெயிலில் வளர்ந்த சேவலும் இருக்கு. பிராய்லருக்கு அடித்தளமும் இதே கார்னிஷ்தான். நம்மகிட்டேர்ந்து போனதை வெச்சு அவங்க அவங்க ஊருக்குக் கோழி செஞ்சுக்கிட்டாங்க. நாம திரும்ப அவங்ககிட்டே போய் முட்டை கேட்கிறோம்.

நானும் ஏமாந்தவன்தான். போன வருஷம் ஒரு சந்தையில், கால் விரல் வரை இறகு மூடின பிரம்மா குஞ்சு மூணு வாங்கினேன். குளிருக்கு ஏத்த இனம். அக்னி நட்சத்திரத்தில் ரெண்டு, வாயைப் பிளந்தபடியே செத்துப் போச்சு. மூணாவது, மழைக்காலச் சேற்றில் கால் இறகெல்லாம் ஈரம் ஊறி, புண் வந்து போச்சு. நம்ம பக்கம் மழைன்னா தெருவே குளம். 2015, 2023 யாருக்கு மறக்கும்? அந்தச் சேற்றிலும் வேலியில் ஏறி உட்கார்ந்து பிழைத்தது என் வீட்டுச் சிறுவிடைதான்.

நம்ம நாட்டிலேயே குளிருக்குன்னு காஷ்மீர் ஃபேவரோலா இருக்கு. சூட்டுக்குன்னு, கழுத்தில் இறகே இல்லாத கிராப்புக் கோழி இருக்கு. எந்தக் கோழியும் மட்டமில்லை, அதது அதன் மண்ணில் இருந்தால்.

"சிறுவிடை வருஷத்துக்கு அறுபது எழுபது முட்டைதானே போடும், கட்டுப்படியாகுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தீவனம் முழுக்கக் கடையில் வாங்கினால் கட்டுப்படியாகாது. கரையான், புழு, சோறு, கீரைத்தண்டு என்று அதுவே மேய்ந்தால் நிச்சயம் ஆகும். இன்குபேட்டர் வேண்டாம், 21 நாள் அடை கிடந்து, குஞ்சைப் பருந்துகிட்டேர்ந்து காப்பாத்துற வேலையையும் அதுவே பார்க்கும். ஒன்று மட்டும்: நாட்டுக்கோழிக்கு நோயே வராதுன்னு நம்பாதீங்க. வெள்ளைக்கழிச்சல் வந்தா கூண்டே காலி. ஏழாம் நாள் லசோட்டா சொட்டு மருந்து விட்டே ஆகணும். பக்கத்திலேயே மாதவரத்தில் கால்நடைப் பல்கலைக்கழகம் இருக்கு, போய்க் கேளுங்க.

என் கவலை இதுதான். மாத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. தோட்டம் போச்சு, திண்ணை போச்சு; அதோடு கோழியும் போகுது. மிச்சம் இருப்பதிலும் கண்ட சேவலையும் கலந்துவிட்டு நாட்டுக்கோழின்னு விற்கிறாங்க. அடை உட்காரத் தெரியாத நாட்டுக்கோழி! ஷாந்தெக்ளேருக்கும் இதே கதைதான் நடந்தது. கம்பெனிக் கோழி வந்ததும் அதைக் கைவிட்டார்கள். 1979-இல் இனமே அழிஞ்சுபோச்சுன்னு நினைச்சாங்க. அப்புறம் பார்த்தால், சில பண்ணைக்காரங்க விடாமல் வளர்த்துக்கிட்டு இருந்திருக்காங்க. இனம் பிழைத்தது அவங்களால்.

அந்தத் துறவிகிட்டே வாங்க வேண்டியது முட்டையை இல்லை, பொறுமையை. நல்லா அடை கிடக்கிற, மே மாசத்தைத் தாண்டுற பெட்டையைக் குழம்பு வைக்காதீங்க. அதன் முட்டையைத்தான் அடைக்கு வைங்க. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை சேவலை வேறு ஊர்க்காரரோடு மாத்திக்கோங்க, ரத்தம் ஒன்றாகாது.

தம்பிக்கு என் சிறுவிடையோட முட்டை எட்டு கொடுத்து அனுப்பினேன். அவங்க வீட்டில் ஒரு கோழி அடைக்கு உட்கார்ந்திருக்காம். பொரிச்சதும் எத்தனைன்னு எழுதுறேன்.