சொல்வழி கேளாத பிள்ளையா, சொல் விளங்காத பிள்ளையா?

“தம்பி, கிணற்றடிக்குப் போய் வாளியை எடுத்துக்கொண்டு வா, வரும்போது படலையைச் சாத்து” என்கிறோம். நாலு வயதுப் பிள்ளை முற்றத்தில் திகைத்து நிற்கிறான். “சொல்வழி கேளாதவன்” என்று ஏசுகிறோம். சொன்னது அவனுக்கு விளங்கவில்லையோ என்று நாம் யோசிப்பதில்லை.

பேச்சுக்கு முந்தியது விளக்கம். ஒரு வயதளவில் பிள்ளை தன் பெயருக்குத் திரும்பும். இரண்டு வயதளவில், “செருப்பை எடுத்து அம்மாவிடம் கொடு” என்றால் செய்யும். இதில் பின்னிற்கும் பிள்ளையை, “தகப்பனும் பிந்தித்தான் பேசினவர்” என்று விட்டுவிடுவது தவறு என்பதே எமது கருத்து. அப்படி விட்டால், பாடசாலையில் அவன் “மொக்கன்” என்ற பெயரோடு கடைசி வாங்கில் இருப்பான்.

காணியும் கிணறும் இழந்து நிற்கையில் இதுவும் ஒரு கவலையா என்று கேட்கலாம். விதைப்புக்குப் பருவம் இருப்பதுபோல மொழிக்கும் பருவம் உண்டு. எமது காணி பிந்தியும் கிடைக்கலாம். பிள்ளையின் முதல் ஐந்து வயது திரும்பி வராது.

முதலில் காதைக் கவனியுங்கள். அடிக்கடி சீழ் வடியும் காது சரியாகக் கேளாது. குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லி, வைத்தியசாலையில் செவிப்புலனைச் சோதிப்பியுங்கள். பேச்சு மொழிச் சிகிச்சையாளரையும் விசாரியுங்கள். களனிப் பல்கலைக்கழகம் இதற்கான பயிற்சிநெறியைத் தொடங்கியதே 1997இல்தான். தமிழில் சிகிச்சை அளிப்போர் இன்னும் போதாது.

ஆகவே வீட்டிலும் தொடங்குவோம். வானொலியை நிறுத்துங்கள். பிள்ளையின் முகத்துக்கு நேரே குந்தியிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். ஒரு தடவைக்கு ஒன்றே சொல்லுங்கள்: “வாளியை எடு.” கையால் வாளியைக் காட்டுங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணிப் பொறுத்திருங்கள். பிறகு அதே சொற்களையே திரும்பச் சொல்லுங்கள். எடுத்தால் மெச்சுங்கள்; அதன் பின்பே படலையைப் பற்றிச் சொல்லுங்கள். வெங்காயம் நடும்போதும் தண்ணீர் பாய்ச்சும்போதும் கை செய்வதை வாயாலும் சொல்லுங்கள்.

விதைக்கும் கிணற்றுக்கும் திட்டம் போடும் சங்கங்களும் பங்குகளும், முன்பள்ளி ஆசிரியைகளுக்கு இதில் பயிற்சியும், தூர வைத்தியசாலைக்குப் போகும் தாய்க்குப் பஸ் காசும் ஒதுக்க வேண்டும்.

காது கேளாது, பேச்சுத் திக்கிய மனிதனை இயேசு கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் சென்றார் என மாற்கு நற்செய்தி கூறுகிறது. எமது பிள்ளையையும் இரைச்சலிலிருந்து சற்று விலக்கி, அவனுக்கென்று நாளுக்கு அரை மணி நேரம் ஒதுக்குவோம்.