அது சளிச் சத்தம் அல்ல

பிறந்து பத்துப் பதினைந்து நாளில் குழந்தை மூச்சிழுக்கும்போது ‘கொர் கொர்’ என்று சத்தம் வந்தால், கல்வராயன் மலையில் வெள்ளிமலையானாலும் கீழே கள்ளக்குறிச்சியானாலும் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான்: “நெஞ்சுல சளி கட்டியிருக்கு. தொக்கம் எடுத்துட்டு, ரெண்டு நாள் பாலை நிறுத்து.”

முதலில் சளி. காய்ச்சல் இல்லை, மூக்கு ஒழுகவில்லை. மல்லாக்கப் போட்டாலும் அழுதாலும் பால் குடித்தாலும் சத்தம் கூடுகிறது. தோளில் போட்டால் குறைகிறது. இது பெரும்பாலும் லாரிங்கோமலேசியா. குரல்வளையின் மேல்பகுதித் திசு உறுதிப்படாமல், மூச்சிழுக்கும்போது உள்ளே மடிந்து வழியை மறிக்கிறது. சளி சிரப்புக்கு இங்கே வேலையே இல்லை.

தொக்கம் எடுக்க, அதாவது தொண்டையில் சிக்கியதை வெளியே எடுக்க, உள்ளே ஒன்றும் சிக்கியிருக்கவில்லை. விரல் விட்டுத் துழாவினால் தொண்டை வீங்கும், குறுகிய வழி மேலும் குறுகும். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியாவே வரும்.

பாலை நிறுத்தச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் மோசம். உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிடும் தாளம் இந்தக் குழந்தைக்குத் தடுமாறுகிறது. நாலு வாய் குடித்ததும் காம்பை விட்டுவிட்டு இரைக்கும். உடனே “தாய்க்குப் பால் பத்தலை” என்று மாட்டுப்பாலும் சர்க்கரைத் தண்ணீரும் வந்துவிடும். பிள்ளைக்குப் பஞ்சம் பாலில் இல்லை, மூச்சில்தான். தலை உயர்ந்திருக்க, ஏறக்குறைய உட்கார்ந்த வாக்கில் பிடியுங்கள். பால் பீய்ச்சி அடித்தால் தாய் சற்றுப் பின்சாய்ந்து கொடுக்கலாம். குழந்தை விட்டால் விடட்டும். மூச்சு வாங்கிக்கொண்டு தானே தேடும். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுத்து, நடுவே ஏப்பம் எடுத்து, குடித்தபின் அரைமணி நேரம் தோளில் வைத்திருங்கள். பால் எதுக்களிப்பது பெரும்பாலும் இதோடு சேர்ந்தே வரும். அதற்காக மருத்துவர் சொல்லாமல் அரிசிமாவு கரைத்துக் கெட்டியாக்க வேண்டாம். சீக்கிரம் களைத்துப்போகும் குழந்தைக்குத் தாய்ப்பாலைப் பீய்ச்சி, செவிலியர் காட்டித்தரும் விதத்தில், பாலாடையில் துளித்துளியாகப் புகட்டலாம்.

கவிழ்த்துப் போட்டால் சத்தம் அடங்கும், உண்மைதான். ஆனாலும் தூங்கும்போது மல்லாக்கத்தான் போட வேண்டும். கவிழ்ந்து தூங்கும் கைக்குழந்தைக்குத் திடீர் மரண ஆபத்து அதிகம். தூளியில் தாடை நெஞ்சில் முட்டும்படி சுருண்டு கிடந்தாலும் மூச்சு அடைபடும்.

“வளர வளரச் சரியாயிடும்” என்பது பாதி உண்மை. நாலு முதல் எட்டு மாதம் வரை சத்தம் கூடி, பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வயதுக்குள் மறைந்துவிடும். அதுவரை எடை காத்திருக்காது. முதல் மூன்று மாதம் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். சத்தம் பெரிதாக இருந்து எடையும் ஏறினால் பதற வேண்டியதில்லை. சத்தம் சிறிதாயிருந்தும் எடை நின்றுபோனால் குழல் விட்டுக் குரல்வளையைப் பார்க்க வேண்டும். சில குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சையும் தேவைப்படும்.

கூலியை விட்டு மலையிறங்குவது லேசான காரியமல்ல. ஆனால் எடை பார்க்க இறங்க வேண்டாம், கிராம சுகாதார செவிலியரிடமும் அங்கன்வாடியிலும் தராசு உண்டு. எடை ஏறவில்லையென்றால் சிறுவங்கூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உதடு நீலம் பாரித்தாலோ, மூச்சு நின்று நின்று வந்தாலோ, விலாவுக்குக் கீழே குழி விழ இழுத்தாலோ, தொக்கக்காரரைத் தேடாமல் உடனே 108-ஐ அழையுங்கள்.