சாலட்னா அவ்வளவு இளக்காரமா?

மத்தியானம் டப்பாவைத் திறந்ததும் பக்கத்து சீட் நண்பர் கேட்டார், "என்னய்யா தழையா தின்னுட்டிருக்கே? வீட்ல சண்டையா?" அவர் தட்டுல பிரியாணி. நான் சிரிச்சு வச்சேன். ஆனா மனசுல ஒரு கடுப்பு. அதான் இந்தப் பதிவு.

சண்டையெல்லாம் இல்லைங்க. போன ஹெல்த் செக்கப்ல ஏ1சி 6.1. 5.7-ல இருந்து 6.4 வரைக்கும் 'சர்க்கரை வாசல்ல நிக்குது'ன்னு அர்த்தமாம். எங்கப்பாவுக்கு நாப்பத்தெட்டு வயசுல ஆரம்பிச்சது. கடைசியில கால் விரல் ரெண்டு போச்சு. எனக்கு இப்ப நாப்பத்தாறு. கணக்கு புரியுதில்ல?

உடனே ஹோட்டல் சாலட்டுக்குத் தாவினேன். அது பெரிய மோசடி! இலை என்னவோ ஒண்ணும் பண்ணாது, நூறு கிராம் ஸ்பினாச்சுக்கு 23 கலோரிதான். மேல ஊத்துற ரேஞ்ச் டிரெஸ்ஸிங்தான் ஆளை அடிக்குது. ரெண்டு டேபிள்ஸ்பூன்லயே 130 கலோரி கிட்ட வரும், அவங்க ஊத்துறது நாலு. அதோட சீஸ், வறுத்த ரொட்டித் துண்டு, பொரிச்ச சிக்கன். இதுக்கு அந்த பிரியாணியே தேவலை.

ஆகவே வீட்டுலயே. தோலில்லாத சிக்கன் பிரெஸ்ட் ஒரு துண்டு, உப்பு, மிளகு, கொஞ்சம் இஞ்சி பூண்டு, எலுமிச்சை. அரை மணி ஊறினா போதும். வாணலியில ரெண்டு பக்கமும் சுட்டு எடுத்து, அஞ்சு நிமிஷம் சும்மா விட்டுட்டு அப்புறம் நறுக்கணும். உடனே வெட்டினா சாறு பூரா பலகையில ஓடிடும். தெர்மாமீட்டர் குத்திப் பாருங்க, உள்ளே 165 டிகிரி ஃபாரன்ஹீட் வரணும். கோழியைக் கழுவக் கூடாது, கிருமி சிங்க் பூரா தெறிக்கும்னு அமெரிக்க விவசாயத் துறை சொல்லுது. மஞ்சத்தூள் போட்டு மூணு தண்ணி கழுவாத கோழி இந்த வீட்டுக்குள்ள வராதுன்னு தங்கமணி சொல்றாங்க. யார் ஜெயிச்சிருப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

கீரை விஷயத்துல மட்டும் நான் விட்டுக் கொடுக்கிறதில்லை. (ஸ்பினாச்சைப் பசலைன்னு எழுதுறவங்களுக்கு: நம்ம பசலை கொடியில படர்ற வழவழ கீரை, அது வேற. இது பாலக்.) 2006 செப்டம்பர் ஞாபகம் இருக்கா? பையில அடைச்ச ஸ்பினாச்சுல ஈ.கோலி. அமெரிக்கா முழுக்க சுமார் 200 பேர் படுத்தாங்க, மூணு பேர் செத்தே போனாங்க. 'மூணு தடவை கழுவியது'ன்னு பையில போட்டிருந்தா மட்டும் போதுமா? இலையில ஒட்டிக்கிட்ட கிருமியைத் தண்ணி முழுசா எடுக்காது. அதனால சிக்கன் சுட்ட அதே வாணலியில கீரையைப் போட்டு, நல்லா சுருங்கி ஆவி பறக்கிற வரைக்கும் புரட்டுவேன். மேல வெங்காயம், வெள்ளரிக்காய், வறுத்த எள்ளு, எலுமிச்சைச் சாறு, ஒரு ஸ்பூன் ஆலிவ் எண்ணெய். முடிஞ்சது.

"இது சாலட் இல்லை, பொரியல்"ங்கிறாங்க தங்கமணி. சரி, பொரியல்னே வச்சுக்குவோம். ரெண்டு மணிக்கு மீட்டிங்ல தலை தொங்குறது நின்னிருக்கு, அது போதும் எனக்கு. ஒண்ணு மட்டும், ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிடுறவங்க என் பேச்சைக் கேட்டு திடீர்னு கீரையை அள்ளி விடாதீங்க. அதுல இருக்கிற வைட்டமின் கே மருந்தோட வேலையைக் கெடுக்கும், டாக்டரைக் கேட்டுக்கோங்க.

நண்பருக்குச் சொல்லாத ரகசியம் ஒண்ணு. வெள்ளிக்கிழமை மட்டும் பைக்குள்ள இன்னொரு குட்டி டப்பா இருக்கும். தயிர்சாதம், மாவடு. இன்னிக்கு வெள்ளிக்கிழமைதான். ஹி ஹி.