வேலைக்கு நாம், குடியிருக்க நரேலாவா?

தோழர்களே, டில்லியில் வீட்டுப் பஞ்சம் என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். காலனிக்குப் பக்கத்தில் ஏழைக்கு அடுக்குமாடி என்றதும், தண்ணீர் போதாது, கார் நிறுத்த இடமில்லை என்று சங்கங்கள் மனு எழுதும். (அந்த வீடுகளில் பாத்திரம் தேய்ப்பது நம் பெண்கள்தான்!)

2025 ஜூன் 1-ல் ஜங்புரா மதராஸி கேம்ப் இடிக்கப்பட்டது. பாராபுல்லா வடிகாலை அடைக்கிறதாம். 370 வீடுகளில் 189-க்கே மாற்று வீடு; அதுவும் எங்கோ நரேலாவில். பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளியோ லோதி எஸ்டேட்டில்! 5 கிலோமீட்டருக்குள் குடியமர்த்துவதே 2015 கொள்கையின் பொது விதி. கல்காஜியில் குடிசைகளுக்கு அருகிலேயே 3,024 வீடுகள் கட்டி 2022-ல் திறந்தார்களே, ஜங்புராவுக்கு மட்டும் நிலமில்லையா?

காலனிக்காரர் மனுவைப் படிக்கும் டி.டி.ஏ. நம் மனுவையும் படிக்கட்டும். கையெழுத்திடாதவர்கள் ஞாயிறன்று சங்கத்துக்கு வாருங்கள்.