பலகையில் ரப்பி, உள்ளே போதகர்

நியூயார்க் யூதர்களிடையே நடக்கும் சுவிசேஷ ஊழியத்தைப் புகழ்ந்து சென்ற இதழில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை எரிச்சல் வந்தது. இரண்டாம் முறை வியப்பு. பிரச்சினை எதுவோ அதன்மேல் கால் படாமலே இத்தனை பக்கம் நடந்து முடிக்க எல்லோராலும் ஆகாது.

கட்டுரையாளரின் வாதத்தைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சுரங்க ரயில் நிலைய வாசலில் ஓர் இளைஞர் துண்டறிக்கை நீட்டுகிறார். வேண்டாதவர் வாங்காமல் போகலாம். கத்தியும் இல்லை, கட்டாயமும் இல்லை. இதற்குப் போய் யூத அமைப்புகள் கொதிப்பது சகிப்பின்மை. இயேசுவை ஏற்ற யூதர் யூதராகவே நீடிக்கிறார், ஆகவே மதமாற்றம் என்ற பேச்சே தவறு. கடைசியாக ஒரு பாய்ச்சல்: உலகத்துக்கெல்லாம் அறிவிக்கும் நற்செய்தியை யூதருக்கு மட்டும் அறிவிக்காமல் விடுவதுதான் உண்மையான யூத வெறுப்பாம்.

துண்டறிக்கை நீட்டும் உரிமையைப் பற்றி அவரோடு எனக்கு வழக்கே கிடையாது. ‘ஜூஸ் ஃபார் ஜீசஸ்’ அமைப்பு தொடுத்த வழக்கில், லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தின் தடையை 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ரத்து செய்ததை அவர் வெற்றிக்கொடிபோல ஆட்டுகிறார். தீர்ப்பு சரியானதே. எழுதியிருந்தபடி எடுத்துக்கொண்டால், அந்தத் தடையின்கீழ் பயணிகள் தமக்குள் பேசுவதும் படிப்பதும்கூடக் குற்றமாகியிருக்கும். அவ்வளவு அபத்தமான விதி அது. ஆனால் அவர்கள் அங்கே நிற்கலாம் என்பதுதான் தீர்ப்பு. நிற்பவர் தன்னை யாரென்று சொல்லிக்கொள்கிறார் என்ற கேள்வி அந்த வழக்கில் எழவில்லை. கட்டுரையிலும் எழவில்லை. எனக்கு இருப்பதோ அந்த ஒரு கேள்விதான்.

‘ஜூஸ் ஃபார் ஜீசஸ்’ அமைப்பை 1973இல் தொடங்கிய மோய்ஷே ரோசன் யூதராய்ப் பிறந்து பாப்டிஸ்ட் போதகராகப் பட்டம் பெற்றவர். அதற்கு முன் அவர் வேலை பார்த்த அமைப்பின் வேர் புரூக்ளினில் இருக்கிறது. லியோபோல்ட் கோன் 1894இல் பிரவுன்ஸ்வில் பகுதியில் தொடங்கிய மிஷன் அது. இன்று ‘சோசன் பீப்பிள் மினிஸ்ட்ரீஸ்’ என்ற பெயரில் இயங்குகிறது. ரோசனின் ஆட்கள் 2001 முதல் ஊர் ஊராக நடத்திய பெரும் பிரச்சாரத்தை 2006 கோடையில் நியூயார்க்கில்தான் முடித்தார்கள். ஏறத்தாழ 10 லட்சம் யூதர்கள் வாழும் நகரத்தை விட்டுவிடுவார்களா? ஒன்று ஒப்புக்கொள்கிறேன்: ரோசன் வைத்த பெயரிலேயே இயேசு இருக்கிறார். அந்த மட்டுக்கும் அவர் நேர்மையானவர். அவருக்குப் பக்கத்தில் வளர்ந்த ‘மெசியானிக்’ சபைகளில் அந்த நேர்மையும் இல்லை.

அப்படிப்பட்ட ஒரு சபைக்குள் நுழைந்து பாருங்கள். கூடுவது சனிக்கிழமை. தலையில் கிப்பா, தோளில் தொழுகைச் சால்வை, முன்னால் தோரா சுருள். போதகர் இங்கே ‘ரப்பி’. இயேசு ‘யெஷுவா’. புதிய ஏற்பாடு ‘பிரித் ஹதாஷா’. ஞானஸ்நானம் ‘மிக்வே’. கிறிஸ்தவர் என்ற சொல் வாயில் வராது, ‘விசுவாசி’ என்பார்கள். மதம் மாறியவர் என்றால் முகம் சுளிப்பார்கள், அவர் ‘நிறைவு பெற்ற யூதர்’. சிலுவையைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. இவ்வளவும் பார்த்துவிட்டு அவர்களுடைய விசுவாச அறிக்கையை வாங்கிப் படியுங்கள். திரித்துவம், இயேசுவின் தெய்வத்தன்மை, சிலுவை மரணத்தால் பாவநிவாரணம் எல்லாம் ஒன்று பாக்கியில்லாமல் இருக்கும். எந்த ஊர் பாப்டிஸ்ட் சபையும் ஒரு திருத்தமும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டுவிடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இங்கே சோறே குறைவு.

யெஷுவா என்பது இயேசுவின் சொந்தப் பெயர்தானே, அதைச் சொன்னால் என்ன குற்றம் என்று கேட்கிறார் கட்டுரையாளர். குற்றமே இல்லை. ஆனால் புறஜாதிக் கிறிஸ்தவ சபைகளிடம் காணிக்கை கேட்டுப் போகும்போது அந்தச் சொந்தப் பெயர் பின்வாங்கிவிடுகிறதே, ஏன்? யூதருக்கு ஒரு பெயர், காணிக்கை தருகிறவருக்கு ஒரு பெயர் என்றால் அது மொழிப் பற்று ஆகாது. வியாபார உத்தி.

இது ரோசன் காலத்துக் கண்டுபிடிப்பும் அல்ல. யூதராய்ப் பிறந்து கிறிஸ்தவரான ஜோசப் ஃப்ரே, லண்டனில் ஊழியம் செய்துவிட்டு நியூயார்க் வந்து 1820இல் ஒரு சங்கம் அமைத்தார். யூதரைச் சுவிசேஷமயமாக்கும் சங்கம் என்றுதான் முதலில் பெயர் வைக்கப் பார்த்தார்கள். மாநிலச் சட்டமன்றம் அந்தப் பெயருக்கு அங்கீகாரம் தர மறுத்தது. உடனே ‘யூதர்களின் நிலையை மேம்படுத்தும் அமெரிக்கச் சங்கம்’ என்று பெயர் மாறியது. நோக்கம் ஓர் அங்குலமும் நகரவில்லை. இந்தச் சங்கத்துக்குப் பதில் சொல்லவே சாலமன் ஜாக்சன் என்ற அச்சுக்கூடக்காரர் 1823இல் ‘தி ஜூ’ என்ற மாத இதழை நியூயார்க்கில் தொடங்கினார். அமெரிக்காவின் முதல் யூதப் பத்திரிகை அது. தம்மைப் பற்றிப் பேச அல்ல, தம்மைத் தற்காத்துக்கொள்ளவே ஒரு சமூகம் முதன்முதலில் அச்சு எந்திரத்தை நாட வேண்டியிருந்தது. ‘கட்டாயம் எதுவும் இல்லை’ என்று எழுதும் கை இந்த இடத்தில் சற்றே நின்றிருக்கலாம்.

1852இல் நியூயார்க் யூதர்கள் தமக்கென ஒரு மருத்துவமனையை நிறுவினார்கள். இன்று உலகப் புகழ்பெற்ற மவுண்ட் சைனாய் அதுதான். மற்ற மருத்துவமனைகளில் சாகக் கிடக்கும் யூத நோயாளியின் தலைமாட்டில் மதமாற்ற முயற்சி நடக்கும் என்ற அச்சம், அதை நிறுவத் தூண்டிய காரணங்களுள் ஒன்று. படுத்த படுக்கையில் இருப்பவரால் துண்டறிக்கையை வாங்காமல் நடந்துபோக முடியாது. பிரைட்டன் பீச்சில் குடியேறிய சோவியத் யூதர் நடந்துபோகலாம்தான். ஆனால் எழுபது ஆண்டு ஆட்சி அவரிடமிருந்து தொழுகையையும் பண்டிகையையும் பறித்திருந்தது. ஜெப ஆலயம் எப்படி இருக்கும் என்றே அறியாத அவர்முன் ரஷ்ய மொழி பேசும் ஊழியர் மெழுகுவத்தியும் பஸ்கா உணவுமாக வந்து நின்றால், இதுதான் பாட்டன் வழி என்று நம்பிவிட மாட்டாரா? தெரிந்தவரிடம் வாதாடலாம். தெரியாதவரிடம் அவருடைய பாட்டனாகவே வேஷம் கட்டிப் போவதற்கு என்ன பெயர்?

‘ஹபாத் ஹஸிதியர்கள் மட்டும் தெருவில் நிற்கவில்லையா?’ என்று, வைதிக யூதப் பிரிவு ஒன்றைக் காட்டிக் கட்டுரையாளர் மடக்குகிறார். நிற்கிறார்கள். 1974 முதல் ‘மிட்ஸ்வா டாங்க்’ என்ற வண்டிகளோடு நியூயார்க் தெருக்களில் நிற்கிறார்கள். நீங்கள் யூதரா என்று கேட்டு, ஆமென்றால் கையில் தெஃபிலின் என்ற தொழுகைப் பட்டையைக் கட்டிவிடுகிறார்கள். அவர்களுடைய விடாப்பிடி பல யூதர்களுக்கே பிடிப்பதில்லை. ஆனால் கறுப்புத் தொப்பியும் தாடியுமாக நிற்பவர் யார், எதற்காக நிற்கிறார் என்பதில் வழியில் போகும் யாருக்கும் ஐயம் வராது. இந்த உதாரணம் கட்டுரையாளர் கையிலிருந்து நழுவி அவர் காலிலேயே விழுகிறது.

அவருடைய வாதங்களில் எனக்கு உண்மையிலேயே இடறியது ஒன்று உண்டு. பௌத்த தியானம் செய்யும் யூதரை, ஏன், கடவுளே இல்லை என்னும் யூதரையும் யூதராக ஏற்பவர்கள் இயேசுவை நம்பும் யூதரை மட்டும் ஏன் தள்ளுகிறார்கள்? நியாயமான கேள்வி. 2013இல் பியூ ஆய்வு மையம் கேட்டபோது அமெரிக்க யூதர்களில் 34 விழுக்காட்டினர், இயேசுவை மெசியாவாக நம்பினாலும் ஒருவர் யூதராக இருக்கலாம் என்றே சொன்னார்கள். என் கட்சிக்கு இந்த எண் உதவாது. 60 விழுக்காட்டினர் முடியாது என்றார்கள் என்பதை வைத்து நான் தப்பித்துக்கொள்ளவும் போவதில்லை. யார் யூதர் என்பதை அந்தச் சமூகம் தனக்குள் பேசி முடிவு செய்யட்டும். அதைத் தீர்த்துவைக்க நானும் கட்டுரையாளரும் யார்? யூதராய்ப் பிறந்து இயேசுவை மனதார நம்புகிறவரின் நம்பிக்கையை நான் சந்தேகிக்கவும் இல்லை. ஆனால் தியானம் பழகும் யூதர் யாரும் புத்தபிக்குவை ரப்பி என்று அழைத்து, விகாரத்துக்கு ஜெப ஆலயம் என்று பலகை மாட்டி, தம்மபதத்தைத் தோரா என்று அறிமுகம் செய்வதில்லை. பௌத்தர்கள் ஐரோப்பாவில் யூதரைத் தொழுவத்தில் ஆடுபோல அடைத்துவைத்ததும் இல்லை.

இனி, அறிவிக்காமல் விடுவதே யூத வெறுப்பு என்ற வாதம். இதன்படி பார்த்தால் வத்திக்கான் யூத வெறுப்பு நிறுவனம். யூதரை நோக்கிய தனி மிஷன் அமைப்பு எதையும் கத்தோலிக்கத் திருச்சபை நடத்துவதும் இல்லை, ஆதரிப்பதும் இல்லை என்று 2015 டிசம்பரில் அது எழுதி வெளியிட்டது. ஜெர்மன் புராட்டஸ்டன்ட் சபைகளின் சினாடும் அப்படியே. 2016இல் யூதரிடையே மிஷன் வேலையை நிராகரித்தது. நியூயார்க் யூனியன் இறையியல் கல்லூரியில் பாடம் நடத்திய ரைன்ஹோல்ட் நீபர் 1958லேயே இந்த வேலையைக் கைவிடச் சொன்னார்; நாஜிகளை எதிர்த்து அமெரிக்கக் கிறிஸ்தவர்களைத் தட்டி எழுப்பியவர்களில் ஒருவர் அவர். இவர்கள் எல்லோரையும்விட யூதர்மேல் அன்பு மிக்கவர்களாம் நம் ஊழியர்கள். அந்த அன்பு 2014இல் எப்படி வெளிப்பட்டது தெரியுமா? இனப்படுகொலை நினைவு நாளை ஒட்டி ‘ஜூஸ் ஃபார் ஜீசஸ்’ ஒரு சிறு காணொளி வெளியிட்டது. விஷவாயு அறைக்கு அனுப்பப்படும் யூதர் வரிசையில் இயேசு சிலுவை சுமந்து நிற்கிறார். செத்தவர்களின் சாம்பல்மேல் நின்று, உயிர் பிழைத்தவர்களின் பேரன் பேத்திகளுக்குத் துண்டறிக்கை நீட்டுவதுதான் இது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையில்கூட ஓநாய் மழைக்குத் தான் காரணமாக இருந்ததில்லை.

பவுலே யூதருக்குத்தானே முதலில் பிரசங்கித்தார் என்கிறார் கட்டுரையாளர். பவுல் பேசியது தன் வீட்டுத் திண்ணையில், பங்காளிகளோடு. அவர் பின்னால் படையும் இல்லை, பணப்பையும் இல்லை; அடி வாங்கியதும் அவரே. பின்னால் வந்தவர்கள் கதை வேறு. ரோமாபுரி யூதர்கள் கிறிஸ்தவப் பிரசங்கத்தைக் கட்டாயம் வந்து கேட்க வேண்டும் என்று 1584இல் போப் பதின்மூன்றாம் கிரகோரி ஆணையிட்டார். காதில் மெழுகை அடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்கள் என்று சொல்வார்கள். அந்த வழக்கம் 1847 வரை நீடித்தது. வேலைக்காரப் பெண் ஒருத்தி ரகசியமாக ஞானஸ்நானம் கொடுத்துவிட்டாள் என்பதற்காக, 1858இல் போலோக்னாவில் எட்கார்டோ மோர்ட்டாரா என்ற ஆறு வயதுப் பையனைப் பெற்றோரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போனார்கள். இந்த நூற்றாண்டுகளைத் தாண்டிக் குதித்துப் போய்ப் பவுலின் திண்ணையில் உட்கார்ந்துகொள்ள முடியாது.

நான் லுத்தரன் சபையில் ஞானஸ்நானம் பெற்றவன். தரங்கம்பாடிக்குச் சீகன்பால்க்கை அனுப்பிய, அங்கே அச்சிடத் தமிழ் எழுத்துகளை வார்த்து அனுப்பிய ஜெர்மனியின் ஹாலே நகரத்தைப் பற்றி ஞாயிறு பள்ளியிலேயே பெருமையாகக் கேட்டு வளர்ந்தவன். அதே ஹாலேயில் கல்லன்பெர்க் என்ற பேராசிரியர் 1728இல் யூதருக்கான மிஷன் நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, எபிரேய எழுத்துகளில் இத்திஷ் மொழி நூல்களை அச்சிட்டார் என்பதை வெகுகாலம் கழித்துத்தான் அறிந்தேன். முதலில் வந்த சிறுநூலை எழுதியவர் யோஹான் முல்லர் என்ற கிறிஸ்தவப் போதகர். நூலில் அவர் பெயர் இல்லை. ரப்பி யோஹனான் கிம்ஹி தம் இனத்தாரின் நன்மைக்காகத் தொகுத்தது என்று இருந்தது. சீகன்பால்க் தரங்கம்பாடியில் தன்னை லுத்தரன் போதகர் என்று சொல்லிக்கொண்டுதான் வாதம் செய்தார். யூதரிடம் போகும்போது மட்டும் ஏன் இந்த முகமூடி?

முகமூடிக்கு இப்போது வயது முந்நூறு ஆகப்போகிறது. 2018 அக்டோபர் 27 அன்று பிட்ஸ்பர்க் ஜெப ஆலயத்தில் பதினொரு யூதர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். இரண்டு நாள் கழித்து மிச்சிகன் தேர்தல் கூட்டத்தில் துணை அதிபர் மைக் பென்ஸ், அந்த மாநில யூத சமூகத்தின் தலைவர் ஒருவரை ஜெபிக்க மேடைக்கு அழைத்தார். வந்தவர் மெசியானிக் சபைக்காரர். இயேசுவை மெசியா என்று சொல்லி ஜெபித்தார். குடியரசுக் கட்சி வேட்பாளர்களின் பெயர்கள் ஜெபத்தில் வந்தன. செத்த பதினொருவரில் ஒருவர் பெயரும் வரவில்லை. மேடையில் அவருக்குக் கிடைத்த பட்டம் ரப்பி.