பயணத்தின் பயன்

பாலாற்றங்கரையில் உள்ள ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் தொழிலால் பெயர் பெற்றவை. இங்குத் தைக்கப்பெறும் காலணிகள் கடல் கடந்து பல நாடுகளுக்குச் செல்கின்றன. காலணிகள் மட்டுமோ? முதுகில் ஒரு பையைச் சுமந்து, அயல்நாட்டுப் பழஞ்சின்னங்களைக் கண்டு வரும் இளைஞரும் இக்காலத்தில் உளர். அவர்கள் வீடு திரும்பியபின் செய்யத்தக்க கடமை ஒன்று உண்டு.

அங்ஙனம் செல்வோர் கண்டு வியக்கும் இடங்களுள் ஒன்று கம்போடியாவின் அங்கோர் வாட். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் எடுப்பித்த பெருங்கோயில் அது. அந்நாட்டுக் கெமர் எழுத்து, பல்லவர் எழுத்திலிருந்து கிளைத்தது என்பர் அறிஞர்.

அப்பல்லவரின் கைவண்ணத்தைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. இராணிப்பேட்டை மாவட்டத்து மகேந்திரவாடியில், முதலாம் மகேந்திரவர்மன் ஒரே பாறையைக் குடைந்து திருமாலுக்குக் கோயில் அமைத்தான். அச்செய்தியைக் கூறும் பல்லவர் காலக் கல்வெட்டு இன்றும் அங்கு உள்ளது. கிளையைக் காணக் கடல் கடந்தவர், வேரைக் காண ஒரு நாள் செலவிடாராயின், அவர் பயணம் பாதியில் நின்றதேயாகும்.

“அயல்நாட்டுச் சின்னங்கள் மிகப் பெரியன, நம்மூரில் காண யாது உளது?” எனச் சிலர் வினவுவர். அளவு ஒன்றே பெருமை ஆகாது. விசயநகர வேந்தர் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில் எழுந்தது வேலூர்க் கோட்டை. 1806 ஜூலை 10 அன்று ஆங்கிலக் கும்பினியாரை எதிர்த்துச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த இடமும் அதுவே. நாள்தோறும் அதன் அகழியோரம் செல்வோருள் அம்மதிலை நின்று நோக்குவோர் எத்தனை பேர்? பழகிய பொருள் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அயல்நாட்டுப் பயணம் அக்கண்ணைத் திறக்குமாயின், அதுவே அதன் முதற்பயன்.

மற்றொரு பயனும் உண்டு. அயல்நாட்டில் அறிவிப்புப் பலகைக்குப் பணிந்து, கல்லைத் தொடவும் அஞ்சி நடந்தவர், தம்மூர்ச் சுவரில் நண்பர் பெயர் கீறும்போது வாளா இருத்தல் தகுமோ? பாதுகாக்கப்பெற்ற சின்னங்களைச் சிதைப்பது 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும். எனினும், கல்தோறும் காவலரை நிறுத்துதல் இயலாது. அதன் அருமை அறிந்த ஊராரே அதற்குக் காவல்.

ஆதலின், பயணம் முடித்துத் திரும்பியோர் தாம் எடுத்த படங்களைக் காட்டி மகிழ்வதோடு அமையலாகாது. தம்பி தங்கையரை மகேந்திரவாடிக்கும் வேலூர்க் கோட்டைக்கும் அழைத்துச் சென்று, கண்டதையும் கற்றதையும் எடுத்துரைத்தல் வேண்டும்.