அமோனியாக் கலங்களும் அவற்றின் கால்களும்

1989ஆம் ஆண்டு ஒக்டோபர் 17ஆம் நாள் மாலை 5 மணி 4 நிமிடத்திற்குக் கலிபோர்னியாவின் சாந்தா குறூஸ் மலைப்பகுதியில் நிலம் நடுங்கிற்று. 6.9 அளவினதாகிய அந் நடுக்கத்தில் 63 பேர் மாண்டனர். இடிந்த பாலத்தையும் சரிந்த நெடுஞ்சாலையையும் உலகம் படத்திற் பார்த்தது. நடுக்க மையத்துக்கு அண்மையிலுள்ள வாற்சன்வில் என்னும் சிறு நகரில், உணவு பதனிடும் ஆலையொன்றிலிருந்து அமோனியா வெளியேறியதை அறிந்தோர் சிலரே.

அமோனியா எமது கமக்காரருக்குப் புதிய பொருளன்று. யூரியா செய்யப்படுவது அதிலிருந்துதான். ஈரம்பட்ட யூரியா மூட்டையை அவிழ்க்கும்போது மூக்கைத் துளைப்பதும் அதுவே. குளிரூட்டும் ஆலைகளில் அது அமுக்கத்தின்கீழ்த் திரவமாக அடைபட்டிருக்கின்றது. சாதாரண வளியமுக்கத்தில் பூச்சியத்துக்குக் கீழ் 33 பாகையிலேயே கொதித்துவிடும் அத்திரவம், வெளியே வந்தால் ஏறத்தாழ 850 மடங்கு வாயுவாக விரியும். வளியின் பத்து இலட்சம் பங்கில் 300 பங்கு கலந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்தெனக் கொள்வர்.

இத்தகைய பொருளை அடக்கிய கலம் நிலத்தோடு எவ்வாறு பிணைக்கப்பட்டிருக்கின்றது என்ற கேள்வி சிறிதாகத் தோன்றலாம். நில நடுக்கத்திற் கலம் உடைவதிலும், கலம் நகர்ந்து குழாய் முறிவதே பெரிதும் அஞ்சத்தக்கது. கூரைமேலுள்ள ஒடுக்கி ஒரு விதமாக ஆடும். தரையிலுள்ள சேகரிப்புக் கலம் வேறு விதமாக ஆடும். இரண்டையும் இணைக்கும் குழாய் இடையிலே அகப்பட்டுக்கொள்ளும். அதிர்வைத் தணிக்கச் சுருள்வில்லின்மேல் நிறுத்திய இயந்திரத்துக்குப் பக்கத் தடை இல்லையாயின், அது வில்லிலிருந்து துள்ளி விழும்.

ஆகவே மதிப்பிடும் பொறியியலாளர் வரைபடத்தை மாத்திரம் பார்த்துக் கையொப்பமிடலாகாது. விளக்கும் அளவுநாடாவுங் கொண்டு கலத்தின் அடியிற் குனிந்து பார்த்தல் வேண்டும். போல்ற்றுக்கு நற் உண்டா? குளிர்க்காப்பின் உள்ளே வியர்த்த நீரால் அது துருவேறியதா? கொங்கிறீற்றின் விளிம்புக்கு மிக அண்மையிற் பதிக்கப்பட்டதா? கிடையாகக் கிடக்கும் கலத்தின் ஒரு தாங்கியில், குளிரிற் கலம் சுருங்குவதற்கென நீள்துளை விடுவது வழக்கம். அதனால் நீளவாட்டில் வரும் விசை முழுவதையும் மறுமுனைப் போல்ற்றுகளே தாங்கவேண்டும். இரு முனைகளுக்கும் சமமாகப் பங்கிட்டுக் கணக்குப் பார்ப்பவர் பாதி விசையையே கண்டவராவர்.

“முப்பது வருடம் அசையாமல் நின்ற கலம்” என்று ஆலை முதலாளி சொல்வார். நின்றது உண்மை, ஆனால் அந்த முப்பது வருடத்தில் அதனை அசைத்தவர் எவர்?

கலிபோர்னியாவின் சட்டம் இவ்விடயத்தில் மத்திய அரசிலும் கடுமையானது. அமெரிக்க மத்திய விதி 10,000 இறாத்தலுக்கு மேற்பட்ட அமோனியாவையே கட்டுப்படுத்த, அம் மாநில விதியோ 500 இறாத்தலிலேயே தொடங்குகின்றது. நில நடுக்க ஆபத்தையும் ஆராயவேண்டும். ஆய்வை ஐந்து வருடத்துக்கொருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். மாநிலம் தன் மண்ணின் இயல்பறிந்து தானே விதிசெய்யும் அதிகாரம் பெற்றிருந்தமையால் இது கைகூடிற்று என்பதை எமது வாசகர்க்கு விரித்துரைக்கத் தேவையில்லை.

இன்னொன்றும் உண்டு. வாற்சன்வில்லின் உறைகாய்கறி ஆலைகளில் உழைத்தோரிற் பெரும்பாலார் ஸ்பானிய மொழி பேசும் மெக்சிக்க வழியினர். 1985 முதல் 1987 வரை பதினெட்டு மாதம் அங்கு வேலைநிறுத்தஞ் செய்தவர்களும் அவர்களே. அத்தகைய ஆலையில் எச்சரிக்கைப் பலகை ஆங்கிலத்தில் மாத்திரம் தொங்கினால், வாயு கசியும் வேளையில் எந்த வழியால் ஓடுவதென்று தொழிலாளி எவ்வாறு அறிவான்?

இனி எமது இலங்கைக்கு வருவோம். கலிபோர்னியாவைப் போன்ற நடுக்கம் இங்கில்லை. 2020 ஓகஸ்ற்றில் திகனைப் பகுதி சிறிது அதிர்ந்தபோதுதான் பலருக்கு நிலத்தின் நினைவு வந்தது. எனினும் கலத்தை நகர்த்துவது நடுக்கம் ஒன்றேயன்று. 2004 திசெம்பர் 26இல் கரையைத் தாக்கிய கடல் எதனையெல்லாம் பெயர்த்துச் சென்றதென்பதை நாமறிவோம். 2023 திசெம்பரில் எண்ணூர்க் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து மீனவக் கிராமத்தார் பலர் வைத்தியசாலை சேர்ந்தனர். அம்மாத முற்பகுதியில் வீசிய புயலில் குழாயின்மேற் கிடந்த பாறைகள் இடம்பெயர்ந்தமையே காரணமாயிருக்கலாமென்று ஆராய்ந்த குழு கூறிற்று. கடலோரப் பனிக்கட்டி ஆலைகள் பலவற்றில் ஓடுவதும் இதே அமோனியாதான்.

உரிமம் வழங்கும் உள்ளூராட்சி மன்றங்கள், ஆலையின் கட்டடத்தைப் பார்ப்பதோடு நில்லாது, கலத்தின் பிணைப்பையும் தகுதிபெற்ற பொறியியலாளரைக்கொண்டு பார்ப்பித்து, அறிக்கையை அயலார் பார்வைக்கு வைத்தல் வேண்டுமெனக் கோருகின்றோம். எமது பொறியியலாளர்கள் தத்தம் ஊர் ஆலைக்குச் சென்று ஒரு நாள் செலவிடலாம், பெருஞ் செலவாகாது. எச்சரிக்கைப் பலகை, 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தாற் தமிழும் ஆட்சிமொழியான இந்நாட்டில், அங்கு வேலைசெய்வோர் வாசிக்கும் மொழியில் இருத்தல் வேண்டும். ஒடுக்கி நிற்கும் கூரைக்கு ஏறும் ஏணியடியிலும் ஒன்று மாட்டப்படட்டும்.